சம்பளத்தை விட்டு உரிமையைக் கேட்டவர்: டெசி ஆர்னாஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

1950ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனம், வானொலியில் நல்ல பெயர் எடுத்திருந்த தன் குடும்ப நகைச்சுவைத் தொடர் ஒன்றைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக முடிவு செய்து அதன் நாயகி லூசில் பாலை அழைத்தபோது, கணவர் வேடத்தில் தன் சொந்தக் கணவரே நடித்தால்தான் வருவேன் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அந்தக் கணவர் டெசி ஆர்னாஸ். கியூபாவிலிருந்து வந்தவர், லத்தீன் இசைக்குழு நடத்தியவர், ஆங்கிலத்தை ஸ்பானிய மொழியின் சாயல் மாறாமல் பேசியவர். செந்நிறக் கூந்தல்கொண்ட ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு இப்படி ஒருவர் கணவர் என்று காட்டினால் நேயர்கள் நம்பமாட்டார்கள் என்று நிறுவனத்தார் தயங்கினார்கள். உண்மையில் அவர்களுக்குத் திருமணமாகி அப்போதே பத்து ஆண்டுகள் நெருங்கிக்கொண்டிருந்தன.

வாதாடிப் பயனில்லை என்று கண்ட தம்பதியினர், ஒரு சிறிய நகைச்சுவை நிகழ்ச்சியைத் தயாரித்துக்கொண்டு அந்த ஆண்டே ஊர் ஊராகச் சென்று அரங்குகளில் நடத்தினார்கள். மக்கள் சிரித்தார்கள், கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. அதே காலத்தில் இருவர் பெயரையும் இணைத்து டெசிலு என்ற தயாரிப்பு நிறுவனத்தையும் தொடங்கினார்கள்.

லூசில் பாலைப் பற்றி எழுதப்பட்டவை மிகுதி. அவர் அதற்கு முழுத் தகுதியுடையவர். ஆனால் அந்த எழுத்துகளில் பலவற்றில் டெசி ஆர்னாஸ் முரசு தட்டிப் பாடும் கணவராக ஓரத்தில் நிற்கிறார். நகைச்சுவைத் தொடர் ஒன்றை எப்படிப் படமாக்குவது, படமாக்கியது யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் “ஐ லவ் லூசி” என்ற அந்தத் தொடருக்காக 1951இல் அவர் சொன்ன விடைகள் அதற்குப் பிந்தைய தொலைக்காட்சித் தொழிலின் பாதையையே மாற்றின என்பதால், இந்த ஆய்வு அவரை நடுவில் வைத்தே பேசுகிறது.

சாந்தியாகோவிலிருந்து மயாமி வரை

டெசி ஆர்னாஸ் 1917 மார்ச் 2 அன்று கியூபாவின் சாந்தியாகோ நகரில் பிறந்தார். தந்தை அந்நகரின் மேயர், பின்னர் கியூப நாடாளுமன்ற உறுப்பினர். வீடு, பண்ணை, ஆள் அம்பு என்று வாழ்ந்த குடும்பம். 1933 ஆகஸ்டில் கியூப அதிபர் மச்சாதோவின் ஆட்சி கவிழ்ந்தபோது கூட்டம் வந்து வீட்டைச் சூறையாடியது, தந்தை ஏறத்தாழ ஆறு மாதம் சிறையில் இருந்தார், சொத்து பறிபோனது. விடுதலையான தந்தை ஃபுளோரிடாவின் மயாமிக்குச் சென்றார், பதின்ம வயது மகனும் 1934இல் அங்கே போய்ச் சேர்ந்தார். வாடகைக்கு வீடு பிடிக்க வழியில்லாமல் தந்தையும் மகனும் சரக்குக் கிடங்கில் படுத்து உறங்கினார்கள். டெசியின் முதல் வேலை, கனேரிக் குருவிகளின் கூண்டுகளைச் சுத்தம் செய்வது.

கிதார் வாசிக்கவும் பாடவும் தெரிந்திருந்ததால் சிறிய குழுவொன்றில் இடம் கிடைத்தது. அங்கிருந்து புகழ்பெற்ற குழுத்தலைவர் சேவியர் குகாத்திடம் போய்ச் சேர்ந்தார். பின்னர் தனக்கென ஒரு குழுவோடு மயாமி திரும்பினார். தொடக்க இரவில் குழு சரியாக வாசிக்கவில்லை. கூட்டம் கைவிட்டுப் போகும் நிலையில், சிறுவயதில் சாந்தியாகோ திருவிழாவில் கண்ட கொங்கா ஆட்டம் நினைவுக்கு வர, ஒருவர் பின் ஒருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையில் ஆடும்படி வாடிக்கையாளர்களை அழைத்தார். அது பிடித்துக்கொண்டது, நாடெங்கும் பரவியது. இதே கொங்காவை 1925இல் சாந்தியாகோ தெருக்களில் தடைசெய்த மேயர், டெசியின் தந்தைதான்.

இந்த இரவை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எதிரில் இருக்கும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து, அந்த நொடியில் நிகழ்ச்சியின் போக்கைத் திருப்பும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது. பின்னாளில் தயாரிப்பாளராக அவர் எடுத்த பெரும்பாலான முடிவுகளில் அந்தப் பழக்கம் தெரிகிறது.

1939இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் நடித்தார். அதே நாடகம் 1940இல் ஆர்கேஓ நிறுவனத்தின் திரைப்படமானபோது அந்தத் தளத்தில் லூசில் பாலைச் சந்தித்து, அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் மணந்துகொண்டார். போர்க்காலத்தில் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனையில் கலை நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் பணியைச் செய்தார். போருக்குப் பிறகு மீண்டும் குழுவோடு பயணம், மனைவியோ ஹாலிவுட்டில். இருவரும் ஒரே ஊரில் வாழ்ந்த நாட்கள் குறைவு. தொலைக்காட்சித் தொடரில் கணவரையே நடிக்கவைக்க லூசில் பால் பிடிவாதம் பிடித்ததற்கு முதல் காரணம் கலை அன்று, குடும்பம்.

1951இன் ஒப்பந்தம்

அன்றைய தொலைக்காட்சியில் பெரிய நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் நுண்ணலைத் தொடர்பு 1951 செப்டம்பரில்தான் முடிந்தது. தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கில் இருந்தார்கள். ஓர் ஊரில் நேரலையாகப் போனதை மற்ற ஊருக்கு அனுப்ப, ஒளிபரப்பு ஓடும் திரையையே ஃபிலிம் கேமராவால் படம்பிடித்து அந்தச் சுருளை அனுப்புவார்கள். கினஸ்கோப் எனப்பட்ட இந்த முறையில் படம் மங்கி, கரையெல்லாம் கலங்கித் தெரியும். விளம்பரதாரரான சிகரெட் நிறுவனம் ஃபிலிப் மோரிஸ், தங்கள் வாடிக்கையாளர் நிறைந்த கிழக்குக்கு மங்கல் படம் போவதை ஏற்கவில்லை. தம்பதியினர் நியூயார்க்குக்குக் குடிபெயர வேண்டும் என்றது. முதல் குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டிருந்த தம்பதியினரோ கலிஃபோர்னியாவை விட்டு நகர மறுத்தார்கள்.

அப்போது டெசி முன்வைத்த வழி, ஹாலிவுட்டிலேயே திரைப்படம் போல 35 மி.மீ. ஃபிலிமில் எடுப்பது. நாடெங்கும் ஒரே தெளிவில் படம் தெரியும். ஆனால் செலவு வாரத்துக்குச் சில ஆயிரம் டாலர் கூடும். நிறுவனமும் விளம்பரதாரரும் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டு, மீதிக்காக, வாரம் 5,000 டாலர் என்று பேசப்பட்டிருந்த தம்பதியின் ஊதியத்தில் 1,000 டாலரைக் குறைத்துக்கொள்ளக் கேட்டார்கள். டெசி ஒப்புக்கொண்டார். பதிலுக்கு, ஒளிபரப்பு முடிந்த ஒவ்வொரு பகுதியின் உரிமையும் டெசிலுவுக்கே முழுமையாகச் சேர வேண்டும் என்றார்.

நிறுவனம் கொடுத்துவிட்டது. அதை அவர்களின் மடமை என்று இன்று சொல்வது எளிது. அன்றைய கணக்கில் அது மடமை இல்லை. நேரலையில் போன நிகழ்ச்சி அன்றோடு முடிந்தது. ஒருமுறை பார்த்த நகைச்சுவையை மறுபடி யார் பார்ப்பார்கள் என்பதே தொழிலின் நம்பிக்கை. தீர்ந்துபோன பொருளுக்கு விலை ஏது? இரவுக்கு இரவு அதே பாட்டைப் பாடி அதே கைதட்டலைப் பெற்றுப் பழகிய குழுத்தலைவர், ஒருமுறை ரசித்ததை மக்கள் மறுமுறையும் ரசிப்பார்கள் என்று எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

மூன்று கேமராவும் முந்நூறு பேரும்

ஒப்பந்தத்தைவிடக் கடினமானது படப்பிடிப்பு. லூசில் பாலுக்கு எதிரில் மக்கள் சிரித்தால்தான் நடிப்பு உயரும் என்பது வானொலியிலேயே தெரிந்த உண்மை. எனவே ஏறத்தாழ முந்நூறு பார்வையாளர்களை உட்காரவைத்து, நாடகம் போலத் தொடர்ச்சியாக நடித்து, அதை ஃபிலிமில் எடுக்க வேண்டும். திரைப்படத்தில் ஒரு காட்சித்துண்டு எடுத்ததும் நிறுத்தி, விளக்கை மாற்றி, கேமராவை நகர்த்தி அடுத்ததை எடுப்பார்கள். இங்கே அப்படி நிறுத்தினால் பார்வையாளர்களின் சிரிப்பு அடங்கிவிடும். ஒரே நேரத்தில் மூன்று கேமராக்கள் ஓடியாக வேண்டும் என்றால், ஒன்றுக்குப் பொருந்தும் ஒளி மற்ற இரண்டுக்கும் பொருந்தாது.

இதற்கு டெசி தேடிப்போனவர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியின் பேசாப்படக் காலத்தில் ஒளிப்பதிவு மேதை என்று பெயர் எடுத்தவர், ஹாலிவுட்டில் ஆஸ்கர் பெற்றவர். அவர் தரையில் நின்ற விளக்குகளை அகற்றி மேலே தொங்கவிட்டு, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளி விழும்படி செய்தார். கருப்பு வெள்ளைப் படத்தில் அப்படிப்பட்ட ஒளி தட்டையாகத் தெரியும் என்பதால், செட்டின் சுவர்களுக்கும் பொருட்களுக்கும் சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அடர்த்திகளைப் பூசி ஆழத்தை உண்டாக்கினார். கேமராக்கள் சக்கர வண்டிகளில் ஓசையின்றி நகர்ந்தன. நடுக் கேமரா முழுக் காட்சியையும், பக்கவாட்டுக் கேமராக்கள் நெருக்கக் காட்சிகளையும் எடுத்தன. படத்தொகுப்பாளர் டான் கான், மூன்று சுருள்களையும் ஒருசேர ஓட்டிப் பார்க்கத் தனியாக அமைக்கப்பட்ட கருவியை வைத்து வேலை செய்தார். அதன் பருமனைப் பார்த்து அதற்குப் பூதம் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஃபிலிமில் பல கேமரா முறையை டெசியே கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது சரியன்று. அதற்கு முன்பே அது முயன்று பார்க்கப்பட்டிருந்தது. அந்த அனுபவமுள்ள ஆல் சைமனை அவர்கள் உடன் சேர்த்துக்கொண்டார்கள். கதையின் தரத்துக்குப் பொறுப்பு தயாரிப்பாளரும் தலைமை எழுத்தாளருமான ஜெஸ் ஓப்பன்ஹைமர். அவருடன் மாடலின் பியூ, பாப் கரோல். டெசியின் பங்கு, இவர்களையெல்லாம் ஒரே தளத்தில் நிறுத்தியதும், ஒவ்வொருவரும் முடியாது என்று சொன்ன இடத்தில் பணம் திரட்டி முடித்துக்கொடுத்ததும். தயாரிப்பாளர் என்ற சொல்லுக்கு இதைவிட நேர்மையான பொருள் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் நிர்வாகத் தயாரிப்பாளர் என்று அவர் பெயர் திரையில் வருவதைப் பற்றி ஓப்பன்ஹைமருக்கும் அவருக்கும் மனத்தாங்கல் இருந்தது. ஓப்பன்ஹைமர் 1956இல் விலகிய பிறகு தயாரிப்பாளர் பொறுப்பு முழுவதும் டெசியிடம் வந்தது.

“ஐ லவ் லூசி” 1951 அக்டோபர் 15, திங்கள் இரவு 9 மணிக்குத் தொடங்கியது. ஒளிபரப்பான ஆறு பருவங்களில் நான்கில் அதுதான் நாட்டின் முதலிட நிகழ்ச்சி.

நடிகராக அவர் செய்தது

டெசி நடித்த ரிக்கி ரிக்கார்டோ, நியூயார்க்கில் இரவு விடுதி ஒன்றில் பாடும் கியூபக் குழுத்தலைவர். அவர் மனைவி லூசிக்கு எப்படியாவது மேடை ஏறிவிட வேண்டும். இந்த அமைப்பில் சிரிக்கவைப்பவர் மனைவி. தாங்கி நிற்பவர் கணவர். தாங்கி நிற்பது எளிதான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். லூசியின் குறும்பு எவ்வளவு எல்லை மீறினாலும் அதன் கீழே ஒரு மனிதரின் உண்மையான எரிச்சலும் உண்மையான பிரியமும் இல்லாவிட்டால் காட்சி காற்றில் பறந்துவிடும்.

1952 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான பகுதியைப் பார்த்தால் இது விளங்கும். பெண்கள் சாக்லேட் ஆலைக்கு வேலைக்குப் போகிறார்கள்; ஓடும் பட்டையில் வந்துகொண்டே இருக்கும் சாக்லேட்டைத் தாளில் சுற்ற முடியாமல் லூசில் பாலும் பக்கத்து வீட்டுத் தோழியாக நடித்த விவியன் வான்ஸும் வாயிலும் சட்டைக்குள்ளும் திணித்துக்கொள்ளும் காட்சியை உலகம் மறக்கவில்லை. அதே பகுதியில் வீட்டில் சமைக்க நிற்கும் ஆண்களை அதிகம் பேர் நினைப்பதில்லை. நாலு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று ரிக்கி, பக்கத்து வீட்டுக்காரராக நடித்த வில்லியம் ஃப்ராவ்லியிடம் கேட்கிறார். ஆளுக்கு ஒரு பவுண்டு என்று இருவரும் முடிவு செய்கிறார்கள். சோறு பொங்கிப் பானையைத் தாண்டி அடுப்பின் மேல் வழிந்து தரைக்கு வருகிறது. டெசி அதை அள்ள ஓடி, வழுக்கி, எழுந்து, மறுபடி வழுக்குகிறார். அடுப்படியில் அரிசியின் அளவு தெரிந்த எந்த வீட்டாரும் அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. அதில் மிகை இல்லை. தோற்றுக்கொண்டே கௌரவத்தைக் காப்பாற்றப் பார்க்கும் ஓர் ஆளின் தவிப்பு மட்டுமே இருக்கிறது.

அவரது உச்சரிப்பைக் கேலி செய்வது தொடரின் வழக்கமான சிரிப்பு. ஆனால் ஒரு விதியை எழுத்தாளர்கள் கண்டுகொண்டார்கள்: லூசி கேலி செய்தால் அரங்கம் சிரித்தது, வேறொருவர் செய்தால் அரங்கம் அடங்கிவிட்டது. அதன்பின் அந்த உரிமை லூசிக்கு மட்டுமே. ரிக்கி வேறு பெண்ணைத் தேடிப்போவது போன்ற நகைச்சுவை வேண்டாம், ரிக்கி முட்டாளாகத் தோன்றக் கூடாது என்பவை டெசி எழுத்தாளர்களிடம் வைத்த வேண்டுகோள்கள். லத்தீன் அமெரிக்கர்கள் திரையில் பெரும்பாலும் கோமாளியாகவோ குற்றவாளியாகவோ வந்த காலத்தில், வாடகை கொடுத்து, மனைவியை நேசித்து, தன் மொழியில் கோபப்படும் ஒரு கியூபர் ஒவ்வொரு திங்களும் கோடிக்கணக்கான மக்களின் வீடுகளுக்குள் வந்தார்.

1952இல் லூசில் பால் மீண்டும் கருவுற்றபோது தொடரே நின்றுவிடும் நிலை. கர்ப்பிணியைத் திரையில் காட்டக் கூடாது, நாற்காலிக்குப் பின்னால் மறைத்துவிடலாம் என்றார்கள். டெசி ஃபிலிப் மோரிஸ் தலைவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார்; தலையிட வேண்டாம் என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. கர்ப்பம் என்ற சொல்லைத் தவிர்த்து, பாதிரியார்களும் யூத மதகுரு ஒருவரும் படித்துப் பார்த்த பிறகே எழுத்துப்படிகள் தளத்துக்கு வந்தன. டிசம்பர் 8 அன்று ஒளிபரப்பான பகுதியில், விடுதியில் பாடிக்கொண்டிருக்கும் ரிக்கிக்கு ஒரு சீட்டு வருகிறது: இங்கே ஒரு தம்பதி குழந்தையை எதிர்பார்க்கிறார்கள், அவர்களுக்காக ஒரு பாட்டு. மேசை மேசையாகத் தேடிப் பாடிவரும் ரிக்கி, கடைசியில் தன் மனைவியின் முன் நிற்கிறார். படப்பிடிப்பில் இருவரும் உண்மையாகவே அழுதுவிட்டார்கள். இயக்குநர் மறுபடி எடுத்துப் பார்த்தார். ஆனால் ஒளிபரப்பானது அழுத காட்சிதான். அந்த சில நிமிடங்களில் டெசியின் முகத்தைப் பார்த்தவர்கள் அவரை நடிகர் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

1953 ஜனவரி 19 அன்று திரையில் குழந்தை பிறந்தது. அதே நாளில் லூசில் பாலுக்கு அறுவை சிகிச்சையில் மகன் பிறந்தான். ஏறத்தாழ 4.4 கோடிப் பேர் அன்று பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 2.9 கோடி. பிப்ரவரியில் இரண்டரை ஆண்டுக்கு 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேறுகாலத்தில் புதிய பகுதிகள் குறைந்தபோது பழைய பகுதிகளையே திரும்பக் காட்டினார்கள், மக்கள் விலகவில்லை. 1951இன் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கிய உரிமையின் மதிப்பு அப்போதுதான் எல்லோருக்கும் கண்ணில் பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில், லூசில் பால் 1936இல் தாத்தாவின் மனம் கோணாதிருக்கக் கம்யூனிஸ்ட் வாக்காளராகப் பதிவு செய்திருந்தது செய்தியானது. பலரின் வாழ்க்கையை அழித்த குற்றச்சாட்டு அது. அடுத்த படப்பிடிப்பு நாளில் வழக்கம் போல டெசிதான் பார்வையாளர்கள் முன் வந்தார். தன் மனைவியிடம் சிவப்பு என்று இருப்பது கூந்தல் ஒன்றுதான், அதுவும் அசலில்லை என்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மயாமி இரவின் அதே மனிதர்.

1957இன் விற்பனை

தொடர் முதலிடத்தில் இருக்கும்போதே 1957இல் அரைமணிப் பகுதிகளை நிறுத்தினார்கள். டெசிலு அதற்குள் பிறரது தொடர்களையும் எடுத்துக்கொடுக்கும் பெரிய நிறுவனமாக வளர்ந்திருந்தது; தளங்கள் போதவில்லை. ஆர்கேஓ ஸ்டூடியோ விலைக்கு வந்தது. இருவரும் சந்தித்த இடம் அது. லூசில் பால் ஒருகாலத்தில் சம்பளத்துக்கு நடித்த இடம். விலை 61.5 லட்சம் டாலர். அந்தப் பணத்துக்கு வழி, “ஐ லவ் லூசி” பகுதிகளின் உரிமையை சிபிஎஸ்ஸுக்கே விற்பது. 45 முதல் 50 லட்சம் டாலர் வரை கிடைத்தது.

இந்த ஆய்வில் நான் அதிகம் நின்று யோசித்த இடம் இது. காட்டி முடித்த ஒரு பகுதி செத்துப்போவதில்லை என்று தொழிலுக்கே காட்டியவர், அந்தப் பகுதிகளையே விற்றார். அவை பின்னர் பல பத்தாண்டுகள் உலகெங்கும் ஓடிக்கொண்டே இருந்தன. வருமானம் வேறிடத்துக்குப் போனது. எனினும் அந்த விற்பனை இல்லாவிட்டால் ஸ்டூடியோ இல்லை. ஸ்டூடியோ இல்லாவிட்டால் பின்னர் அங்கே உருவானவை எவையும் இல்லை. நடிகர்கள் கூலிக்கு வேலை பார்த்த வளாகத்தை ஒரு நடிகையும் ஓர் அகதியும் சொந்தமாக வாங்கியதை, பிந்தைய வருமானக் கணக்கு ஒன்றை மட்டும் வைத்துத் தவறு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விலை மலிவாகவே போயிற்று என்பதை மறைக்கவும் கூடாது.

புதிய வளாகத்திலிருந்து வந்தவற்றில் முக்கியமானது 1959இல் தொடங்கிய “தி அன்டச்சபிள்ஸ்”. சிகாகோ கள்ளச்சாராயக் கும்பல்களை எதிர்த்த அதிகாரி எலியட் நெஸ்ஸாக ராபர்ட் ஸ்டாக் நடித்தார். அந்தக் கும்பல்களின் தலைவர்களில் ஒருவரான அல் கபோனின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் கபோனின் மகன் மயாமியில் டெசியோடு ஒரே பள்ளியில் படித்தவர். வன்முறை பற்றியும் இத்தாலிய அமெரிக்கர்களைக் காட்டிய விதம் பற்றியும் எழுந்த கண்டனங்களில் நியாயம் இருந்தது.

வேலை பெருகப் பெருகக் குடியும் சூதாட்டமும் பெருகின. இதை டெசியே பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதினார். ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம், நடிப்பு, இயக்கம், பேச்சுவார்த்தை எல்லாம் ஒரே மனிதரின் தலையில். இருவரும் ஒரே வீட்டில் வாழ வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய தொழில், அந்த வீட்டுக்கு அவரைத் திரும்பவிடவில்லை. அரைமணிப் பகுதிகளை நிறுத்திய பிறகு எடுத்துவந்த ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதிகளில் கடைசியானது 1960 மார்ச் 2இல், டெசியின் பிறந்தநாளில், அவருடைய இயக்கத்திலேயே படமாகி முடிந்தது. மறுநாள் லூசில் பால் மணவிலக்கு கேட்டு மனு செய்தார்.

1962இல் டெசி தன் பங்குகளை லூசில் பாலுக்கு விற்றுவிட்டு விலகினார். லூசில் பால் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோ ஒன்றை நடத்திய முதல் பெண்மணியானார்; அவர் காலத்தில் அங்கிருந்து 1966இல் “ஸ்டார் ட்ரெக்”, “மிஷன்: இம்பாசிபிள்” ஆகிய தொடர்கள் வந்தன. 1967இல் டெசிலு 1.7 கோடி டாலருக்கு விற்கப்பட்டு, பாரமவுண்ட் நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவாயிற்று. டெசி 1963இல் மறுமணம் செய்துகொண்டு குதிரைப் பண்ணை வைத்திருந்தார்; 1967 முதல் 1969 வரை என்பிசி தொலைக்காட்சிக்கு ஒரு நகைச்சுவைத் தொடரைத் தயாரித்தார், பழைய எழுத்தாளர்கள் மாடலின் பியூவையும் பாப் கரோலையும் வைத்துக்கொண்டு. அது முந்தைய உயரத்தைத் தொடவில்லை.

“ஐ லவ் லூசி”யின் நான்கு முதன்மை நடிகர்களில் நடிப்புக்கான எம்மி என்ற தொலைக்காட்சி விருதுக்கு ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படாதவர் டெசி ஆர்னாஸ் மட்டுமே. 1986 டிசம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவின் டெல் மார் நகரில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். ஐந்து நாள் கழித்து, வாஷிங்டனில் கென்னடி மையம் லூசில் பாலுக்குச் செய்த சிறப்பு விழாவில், அதற்கென டெசி முன்பே எழுதிவைத்திருந்த வாழ்த்தை ராபர்ட் ஸ்டாக் மேடையில் படித்தார். அதில் கடைசியாக இருந்தது: “ஐ லவ் லூசி” என்பது ஒருபோதும் வெறும் தலைப்பாக இருந்ததில்லை.